18 முடிந்த பையன் பகல் முழுக்க வீட்டில் என்ன செய்வான்? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

பாலக்கோட்டு அம்மா | ஜனவரி 18, இரவு 9.42

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாள் படித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குப் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். மூத்தவனுக்கு டவுன் சிண்ட்ரோம், பிறவியிலேயே வரும் அறிவுசார் குறைபாடு. போன மாதம் 18 முடிந்தது. இரண்டு விஷயம் சேர்ந்து வந்து நிற்கிறது.

ஒன்று பேங்க். அவன் பேரில் உள்ள கணக்கில்தான் மாதம் 2000 பராமரிப்புத் தொகை விழுகிறது. மைனர் கணக்காக இருந்தவரை நான் கையெழுத்துப் போட்டு எடுத்தேன். இப்போது "பையன் மேஜர், அவனே கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் கார்டியன் சர்டிபிகேட் கொண்டு வாருங்கள்" என்கிறார்கள். பெற்றவளுக்கே சர்டிபிகேட்டா என்று கேட்டேன். கவுன்டரில் இருந்த பெண் சின்னப் பெண், அவளும் என்ன செய்வாள்.

இரண்டாவதுதான் பெரிது. வாரம் ஒரு நாள் வட்டார வள மையத்திலிருந்து ஸ்பெஷல் டீச்சர் வீட்டுக்கு வருவார். பாசி கோர்ப்பது, சட்டைப் பட்டன் போடுவது, பத்து ரூபாய்க்கும் ஐம்பதுக்கும் வித்தியாசம் எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். அவர்கள் கணக்கு 18 வரைக்கும்தான். கடைசி நாள் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

செவ்வாய்தான் டீச்சர் வரும் நாள். இப்போதும் செவ்வாய் ஆனால் ஒன்பதரைக்கே தலை சீவி, பவுடர் போட்டு, திண்ணையில் பாயை விரித்து உட்கார்ந்துவிடுகிறான். காரிமங்கலம் சந்தைக்கு வண்டி போவதைப் பார்த்து நாளைத் தெரிந்துகொள்கிறான் என்று நினைக்கிறேன். பன்னிரண்டு மணி ஆனால் பாயைச் சுருட்டி வைத்துவிடுவான். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. முன்பெல்லாம் தெருவையே கூப்பிட்டுப் பேசுவான், இப்போது அதுவும் குறைந்துவிட்டது.

வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை. நான் காட்டு வேலைக்குப் போக வேண்டும். உங்கள் வீட்டில் 18 தாண்டிய பிள்ளைகள் பகலில் என்ன செய்கிறார்கள்?

பழைய கேஷியர் | ஜனவரி 18, இரவு 10.15

அம்மா, பேங்க் விஷயத்தை நான் சொல்கிறேன். கிருஷ்ணகிரியில் 31 வருடம் கவுன்டரில் உட்கார்ந்தவன்.

கையெழுத்து வராவிட்டால் கைநாட்டு வைக்கலாம், அது சிக்கலே இல்லை. 18 தாண்டியவர் தன் பணத்தைப் பற்றித் தானே முடிவெடுக்க முடியாத நிலையில் இருந்தால், அவருக்காக யார் கையெழுத்துப் போடலாம் என்பதற்கு சட்டப்படி ஒரு தாள் வேண்டும். அந்தத் தாளுக்கு நீங்கள் கோர்ட்டுக்குப் போக வேண்டாம். 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் அது பொருந்தும். மாவட்டத்துக்கு ஒரு உள்ளூர் அளவிலான குழு, அதற்குத் தலைவர் கலெக்டர். கூட ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதியும் ஒரு மாற்றுத்திறனாளியும் இருப்பார்கள். அவர்கள் கொடுக்கும் பாதுகாவலர் சான்றை ஏற்றுக்கொள்ளும்படி ரிசர்வ் வங்கி எல்லா வங்கிக்கும் சொல்லியிருக்கிறது. கவுன்டரில் இருப்பவருக்குத் தெரியாவிட்டால் மேனேஜரிடம் "லோக்கல் லெவல் கமிட்டி சர்டிபிகேட்" என்று சொல்லுங்கள், அந்தப் பேர் அவர்களுக்குப் புரியும்.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பம் கேளுங்கள். நீங்களும் வீட்டுக்காரரும் சேர்ந்தே மனு போடுங்கள். அவர் பெங்களூரில் இருக்கிறார் என்று உங்கள் பேரில் மட்டும் போடாதீர்கள், பிறகு ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுத வேண்டிவரும். பையன் பேரில் நிலம், நகை ஏதாவது இருந்தால் சான்று கிடைத்த 6 மாதத்துக்குள் பட்டியல் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து 3 மாதத்துக்குள் கணக்கும் கொடுக்க வேண்டும். பலருக்கு இது தெரியாது, தெரிந்தவர்களும் செய்வதில்லை. நீங்கள் ஒரு நோட்டுப் போட்டு எழுதிவிடுங்கள்.

மாம்பழ மண்டி | ஜனவரி 18, இரவு 10.31

கேஷியர் சாருக்கு ஒரு கும்பிடு. என் அண்ணன் பையனுக்கு இதே தாளுக்கு வக்கீல் பீஸ் கட்டி அலைந்தோம்.

சட்டம் படிப்பவள் | ஜனவரி 18, இரவு 11.20

கேஷியர் சார் சொன்னது சரி, ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதில் பாதுகாவலரும் அந்த நபரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். அதுவும் குறிப்பிட்ட விஷயத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். முழுப் பாதுகாவலர் தாள் வாங்கிவிட்டால் அவன் குரல் தாளிலிருந்தே போய்விடுகிறது என்று வாதாடுபவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சிதான். ஆனால் பேங்கில் நாளைக்குப் பணம் எடுக்க வேண்டிய அம்மாவிடம் இதை வாதாட மாட்டேன். தாளை வாங்குங்கள். பணம் எடுக்கும்போது அவனையும் கூட்டிப் போங்கள், எவ்வளவு எடுக்கிறோம், எதற்கு என்று அவனிடம் சொல்லி எடுங்கள்.

ஊத்தங்கரை அப்பன் | ஜனவரி 19, காலை 6.05

தாள், சட்டம் எல்லாம் சரி. அம்மா கேட்டது பகலில் என்ன செய்வான் என்று. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், யாருக்கும் பிடிக்காது.

என் பையனுக்கு 22. ஆட்டிசம், பேச்சு இல்லை. காலையில் நான் பால் கறக்கப் போகும்போது வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போகிறேன். கறந்து, சொசைட்டியில் ஊற்றி, திரும்பி வர ஒன்றரை மணி நேரம். வீட்டிலிருந்து முந்நூறு அடியில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. தண்ணீர் என்றால் அவனுக்கு உயிர். இரண்டு தடவை கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தவனைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறேன். இன்னொரு தடவை பைபாஸ் ரோட்டில் லாரிக்கு நடுவே நின்றான்.

ஒரு ஆபீசர் வீட்டுக்கு வந்து, தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு, "இது மனித உரிமை மீறல், தெரியுமா?" என்றார். சரிங்க சார், ஒன்றரை மணி நேரம் நீங்கள் உட்காருங்கள் என்றேன். ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

ஊரோடு சேர்ந்து வாழணும், ஊரே அரவணைக்கணும் என்று மேடையில் பேசுகிறார்கள். டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம் ஆனால் பிஸ்கட் பாக்கெட் கொடுத்துப் போட்டோ எடுக்கிறார்கள். டிசம்பர் 4 காலையில் பால் கறக்க நான்தான் போக வேண்டும்.

அரூர் சிறப்பாசிரியை | ஜனவரி 19, இரவு 8.50

ஊத்தங்கரை அண்ணா, உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வட்டாரத்தில் உங்கள் பையன் மாதிரியே ஒருவன் இருந்தான். அவன் அப்பா கையில் வெள்ளிக் காப்பு செய்து, உள்பக்கம் போன் நம்பர் வெட்டிப் போட்டார். அட்டை கட்டினால் பிய்த்து எறிந்துவிடுவான், காப்பை விட்டுவிட்டான். அப்புறம் நானும் அவரும் ஒரு சாயங்காலம் பையனைக் கூட்டிக்கொண்டு டீக்கடை, பால் சொசைட்டி, ஆட்டோ ஸ்டாண்டு, பஞ்சர் கடை என்று ஒவ்வொன்றாகப் போனோம். "இவன் பேர் இது. கூப்பிட்டால் திரும்பமாட்டான். கையைப் பிடித்து இழுத்தால் கடிப்பான். பிஸ்கட்டைக் காட்டினால் உட்காருவான், உட்கார வைத்துவிட்டு இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்." இவ்வளவுதான் சொன்னோம். அதற்குப் பிறகு நான்கு தடவை போன் வந்தது. அதில் மூன்று பஞ்சர் கடைக்காரர் போட்டது. அதற்கு முன்பு அவர் பையனைப் பார்த்ததே கிடையாது.

கிணற்றுக்குச் சுவர் கட்டச் சொல்லி மனு போட்டீர்களா? உங்கள் பையன் பேரைச் சொல்லிக் கேட்க வேண்டாம், ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் என்று கேளுங்கள்.

பாலக்கோட்டு அம்மா, உங்கள் பையனுக்கு வந்த டீச்சர் அழுதார் என்றீர்களே. பதினோரு வருடம் ஒரு வீட்டுக்குப் போய்விட்டு, பதிவேட்டில் பேரை அடித்துவிட்டு வருவது எங்களுக்கும் சுலபம் இல்லை. படிக்கும் காலத்தில் எங்களிடம் ஓரளவு எல்லாம் இருக்கிறது. பள்ளி, பிசியோ, பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஆள். படிப்பு முடிந்தால் வாசலோடு நின்றுவிடுகிறது. பெரியவர்களுக்கான பகல் மையம் நகரத்தில் ஒன்றிரண்டு இருக்கும், கிராமத்திலிருந்து தினமும் யார் கூட்டிப் போவது? டவுன் பஸ்ஸில் அவனுக்கும் துணைக்கு வருபவருக்கும் டிக்கெட் இல்லை, சரிதான். அந்தத் துணையின் ஒரு நாள் கூலியை யார் தருவார்கள்?

ராயக்கோட்டை 77 | ஜனவரி 19, இரவு 9.30

எதற்கு இவ்வளவு கஷ்டம்? நல்ல இல்லமாகப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள். மூன்று வேளை சாப்பாடு, டாக்டர், அவன் மாதிரிப் பிள்ளைகளோடு சந்தோஷமாக இருப்பான். நீங்களும் நாலு காசு பார்க்கலாம்.

போச்சம்பள்ளி தங்கச்சி | ஜனவரி 19, இரவு 11.48

"அவன் மாதிரிப் பிள்ளைகள்" என்ற வார்த்தைக்குப் பதில் எழுதவே தூக்கத்தை விட்டு எழுந்தேன்.

என் அண்ணனுக்கு 34. மூளை முடக்குவாதம், கூடவே அறிவுசார் குறைபாடு. அப்பா இருந்தபோது இரண்டு வருடம் வெளியூரில் ஒரு இல்லத்தில் விட்டோம். அங்கே அவனை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் பார்க்கப் போனபோது எல்லோருக்கும் ஒரே மாதிரி மொட்டை, ஒரே மாதிரி டவுசர். அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மிக்சர் வாங்கித் தின்பது என்றால் உலகம். அங்கே ஞாயிறு எது, புதன் எது என்று அவனுக்குத் தெரியவில்லை. கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது தரகர் சொன்னது, "அன்றைக்கு மட்டும் பையனைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிடுங்கள்." அம்மாவும் தலையாட்டிவிட்டார். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. ரொம்பத் தைரியம் என்று நினைக்காதீர்கள், உள்ளே உதறல்தான். வந்தவர்கள் எதிரே அண்ணன் காப்பி டம்ளரைத் தட்டிவிட்டான். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து போகப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முந்தானையால் துடைத்துவிட்டு, "எங்க வீட்லயும் ஒண்ணு இருந்துச்சு, பன்னெண்டு வயசுல போயிடுச்சு" என்றார். கல்யாணத்தில் சீர்த்தட்டில் ஒன்றை அண்ணன்தான் பிடித்துக்கொண்டு வந்தான். தேங்காய் உருண்டது, பின்னால் வந்தவர்கள் பொறுக்கினார்கள்.

இது சினிமா மாதிரி முடிந்த கதை என்று நினைக்க வேண்டாம். அதற்கு முன்னால் ஆறு இடம் தட்டிப் போனது. அம்மாவுக்குப் பிறகு அண்ணன் என்னிடம் வருவானா, என் வீட்டில் எல்லோரும் மனதார ஒத்துக்கொள்வார்களா என்பது இன்றும் பேசி முடிக்காத பேச்சு. ராயக்கோட்டை அண்ணா, இல்லமே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்களுக்கும் ஒரு நாள் தேவைப்படலாம். அது எங்கள் ஊரிலேயே, அவன் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போகிற தூரத்தில் இருக்கக்கூடாதா?

ராயக்கோட்டை 77 | ஜனவரி 20, காலை 7.10

தங்கச்சி, வார்த்தை தப்பு, மன்னித்துவிடு. ஆனால் எல்லா வீட்டிலும் நீ மாதிரி ஒரு தங்கச்சி இல்லை. அதற்காகத்தான் சொன்னேன்.

கூத்துப் பிரியன் பென்னாகரம் | ஜனவரி 20, இரவு 7.25

எங்கள் ஊரில் பாரதக் கூத்து நடக்கும்போது ஒருவர் இருக்கிறார். வயது ஐம்பதுக்குப் பக்கம். சின்ன வயதிலிருந்து மந்தம் என்பார்கள், அட்டை கிட்டை எதுவும் எடுத்ததில்லை. கூத்துப் பெட்டிக்கு அவர்தான் காவல். கிரீடம், புஜக்கட்டை, சலங்கை எல்லாம் எந்த வரிசையில் எடுத்து வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வேஷக்காரர் அவசரத்தில் தப்பான பெட்டியைத் திறந்தால் கையைத் தட்டிவிடுவார். பெட்டிக்காரர் என்றுதான் பேர். சாப்பாட்டுப் பந்தியில் ஆசிரியருக்கு அடுத்த இலை அவருக்கு. யாரும் இதற்கு ஒரு திட்டம் போடவில்லை, பயிற்சியும் கொடுக்கவில்லை. யாரோ ஒரு வாத்தியார் முப்பது வருடத்துக்கு முன்னால் "டேய், இதைப் பார்த்துக்க" என்று சொன்னதோடு சரி.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் ஊரைப் பற்றிப் பொய் சொன்ன மாதிரி ஆகும். போன வருடம் பையன்கள் நான்கு பேர் அவருக்குச் சாராயம் ஊற்றி, வேட்டியை அவிழ்த்து ஆடவிட்டு, செல்போனில் படம் எடுத்து அனுப்பிக்கொண்டார்கள். அதே ஊர், அதே பந்தி. பெரியவர்கள் கூப்பிட்டுத் திட்டினார்கள், அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

சட்டம் படிப்பவள் | ஜனவரி 20, இரவு 8.02

அதற்கு மேலும் நடந்திருக்கலாம் அண்ணா. 2016 சட்டத்தின் 92-வது பிரிவு. மாற்றுத்திறனாளியைப் பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் குறைந்தது 6 மாதம், அதிகம் 5 வருடம் சிறை, அபராதமும் உண்டு. போலீசுக்குப் போகாவிட்டாலும் அந்தப் பையன்களின் அப்பாக்களுக்கு இந்தப் பிரிவைப் படித்துக் காட்டுங்கள், வீடியோ போன்களிலிருந்து அழிந்துவிடும்.

ஓசூர் நானி | ஜனவரி 21, மதியம் 2.14

தலைப்புக்குக் கொஞ்சம் விலகி ஒன்று. எங்கள் வீட்டில் தெலுங்கு. தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் வந்தால் பாதி வீட்டில் தெலுங்கோ கன்னடமோதான். பேரனுக்கு மூன்று வயதில் ஆட்டிசம் என்றார்கள். ஒரு தெரபி சென்டரில் "வீட்டில் தெலுங்கை நிறுத்துங்கள், ஒரே மொழி பேசுங்கள், குழம்புகிறான்" என்றார்கள். என் மனைவிக்குத் தமிழ் சரளமாக வராது. ஒன்றரை வருடம் அவள் பேரனிடம் பேசவே பயந்தாள். கொஞ்சுவதற்குக் கூட வாயைத் திறக்கமாட்டாள். பிறகு பெங்களூர் நிம்ஹான்ஸுக்குக் கூட்டிப் போனோம். அங்கே பார்த்த டாக்டர், இரண்டு மொழி கேட்பதால் இந்தக் குழந்தைகளுக்குப் பேச்சு கெடுவதில்லை, பாட்டி தாராளமாகத் தெலுங்கில் பேசட்டும் என்றார். அவன் முதலில் சொன்ன வார்த்தை "நீள்ளு". தண்ணீர் கேட்டான்.

பெற்றோரே, யார் எதை நிறுத்தச் சொன்னாலும் இன்னொரு இடத்தில் கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

நர்ஸ் அக்கா தருமபுரி | ஜனவரி 21, இரவு 10.40

டூட்டி முடிந்து இப்போதுதான் படித்தேன். பாலக்கோட்டு அம்மா, நீங்கள் எழுதியதில் ஒரு வரி எனக்கு உறுத்துகிறது. முன்பெல்லாம் தெருவைக் கூப்பிட்டுப் பேசுவான், இப்போது குறைந்துவிட்டது என்று. டீச்சர் வராத ஏக்கம் என்று எல்லோரும் நினைப்போம், அதுவாகவும் இருக்கலாம். ஆனால் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு தைராய்டு சுரப்பு குறைவது ரொம்ப சகஜம். மந்தமாவது, எடை கூடுவது, மலச்சிக்கல், தோல் வறண்டு போவது, எதிலும் ஆசை இல்லாமல் ஒதுங்குவது எல்லாம் அதனாலும் வரும். வருடத்துக்கு ஒரு தடவை ரத்தத்தில் தைராய்டு பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்திருப்பார்கள், பெரியவன் ஆனதும் அவன் சுபாவமே அப்படித்தான் என்று எல்லோரும் விட்டுவிடுவோம். நாங்களும்தான். தருமபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள், காசு இல்லை. கழுத்து வலி என்றாலோ, நடை தள்ளாடினாலோ அதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று, நிரமயா மருத்துவ இன்சூரன்ஸ் போட்டிருக்கிறீர்களா? கேஷியர் சார் சொன்ன அதே தேசிய அறக்கட்டளையுடையது. வருடத்துக்கு 1 லட்சம் வரை. வயது வரம்பு கிடையாது, சேருவதற்கு முன் மருத்துவப் பரிசோதனையும் கேட்கமாட்டார்கள். படுக்கையில் சேராமல் வாங்கும் தெரபிக்கும் அதில் இடம் இருக்கிறது.

மாம்பழ மண்டி | ஜனவரி 22, காலை 8.20

"மந்தம்", "சாமிப் பிள்ளை", "மனவளர்ச்சி குன்றியவர்" என்று ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதைத்தான் எழுதுவது?

அரூர் சிறப்பாசிரியை | ஜனவரி 22, காலை 8.55

2016 சட்டத்துக்குப் பிறகு அறிவுசார் குறைபாடு என்று எழுதுகிறோம். பழைய பாரங்களில் பழைய வார்த்தைதான் இருக்கும், அதற்காகப் பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். மற்றபடி, அவனுக்கு ஒரு பேர் வைத்திருக்கிறோமே அண்ணா.

வார்டு 4 | ஜனவரி 22, இரவு 9.05

26-ம் தேதி எல்லா ஊரிலும் கிராம சபை. அதில் யாராவது போய்ப் பேசுகிறீர்களா? 2025 ஏப்ரலில் உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராகப் போட சட்டத்தைத் திருத்தினார்கள். கிராம ஊராட்சி வரைக்கும் உண்டு. நல்ல விஷயம். ஆனால் பேசத் தெரிந்தவர், மூன்று சக்கர வண்டியில் தானே வந்துவிடுபவர் அங்கே உட்காருவார். நம் பிள்ளைகள் அங்கேயும் பின்வரிசைதான் என்று எனக்குச் சந்தேகம். கிணற்றுச் சுவர், மூடிக் கிடக்கும் கட்டடம், தெருவிளக்கு எதுவானாலும் தீர்மான நோட்டில் ஏறினால்தான் பேச்சு. வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், எழுதிக் கொடுத்து, நோட்டில் ஏறியதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நல்லம்பள்ளி புளி | ஜனவரி 23, இரவு 8.11

பாலக்கோட்டு அக்கா, நான் புளி வியாபாரம். மாசி பிறந்தால் மரம் உலுக்க ஆரம்பித்துவிடுவார்கள், மூன்று மாதம் வேலை ஓயாது. ஓடு உடைப்பது, நார் உரிப்பது, கொட்டை எடுப்பது எல்லாம் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்வதுதான், கிலோ கணக்கில் கூலி. உங்கள் பையன் பாசி கோர்க்கிறான் என்றால் நார் உரிப்பது அவனுக்கு வரும். உங்கள் ஊர்ப் பக்கம் என் ஆள் மூட்டை இறக்குகிறான், ஒரு மூட்டை உங்கள் வீட்டிலும் இறக்கச் சொல்லட்டுமா? இரக்கப்பட்டுக் கேட்கவில்லை, எனக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறை.

சட்டம் படிப்பவள் | ஜனவரி 23, இரவு 8.40

நல்ல யோசனை அண்ணா. கூலி மற்றவர்களுக்கு என்னவோ அதேதான் அவனுக்கும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். "பொழுதுபோக்குக்குத்தானே செய்கிறான்" என்று பாதி கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நல்லம்பள்ளி புளி | ஜனவரி 23, இரவு 8.52

கிலோவுக்குக் கிலோ. தராசுக்கு ஆள் தெரியாது தங்கச்சி.

அரூர் சிறப்பாசிரியை | ஜனவரி 23, இரவு 9.30

காசை அவன் கையில் கொடுங்கள் அண்ணா, அம்மா கையில் வேண்டாம். புதிதாக வேலை கற்றுக்கொடுக்கும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்ட வேண்டாம் அம்மா. முதல் வாரம் நார் மட்டும். இடது பக்கம் ஒரு முறம், வலது பக்கம் ஒரு முறம், இடம் மாறக்கூடாது. கத்தி, அரிவாள்மணை எல்லாம் பக்கத்தில் இருக்க வேண்டாம். முக்கியமாக, அவனை வீட்டுக்குள் தனியாக உட்கார வைத்துவிடாதீர்கள். மற்ற பெண்கள் உட்காரும் திண்ணையில் உட்காரட்டும். வீட்டுக்குள் தனியாக உரித்தால் புளி சுத்தமாகும், அவ்வளவுதான்.

பாலக்கோட்டு அம்மா | மார்ச் 15, மாலை 4.20

இரண்டு மாதம் இங்கே வரவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். போன் உடைந்து கிடந்தது.

நர்ஸ் அக்கா, முதலில் உங்களுக்கு. ரத்தம் எடுத்தோம், தைராய்டுதான். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிறான், இப்போது ஐந்து வாரம் ஆகிறது. போன வாரம் தெருவில் போன ஐஸ்காரரை நிறுத்தி அரைமணி நேரம் சண்டை போட்டான். எனக்கு அதைக் கேட்டு அழுகை வந்துவிட்டது. அவன் ஏங்கிப் போய்விட்டான் என்று நான் தினமும் திட்டிக்கொண்டிருந்தது அந்த டீச்சரை.

பாதுகாவலர் தாளுக்கு இருவர் பேரிலும் மனு போட்டோம், வீட்டுக்காரர் இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார். கமிட்டியில் பையனையும் கூட்டி வரச் சொன்னார்கள். பெரிய மேசை, ஏ.சி. பேர் என்ன என்று கேட்டார்கள், சொன்னான். அம்மா எங்கே என்று கேட்டார்கள், என்னைக் காட்டினான். உனக்கு என்ன வேண்டும் என்று ஒருவர் கேட்டார். டீ என்றான். நிஜமாகவே டீ வந்தது, அவனுக்கு மட்டும். சான்று இன்னும் கைக்கு வரவில்லை, இந்த மாதக் கடைசியில் என்கிறார்கள். அதுவரை பேங்கில் பணம் அப்படியே கிடக்கிறது.

புளி விஷயம். முதல் மூட்டையில் நாரையும் புளியையும் ஒரே முறத்தில் போட்டுவிட்டான், நான் ராத்திரி உட்கார்ந்து பிரித்தேன். இரண்டாவது வாரம் பக்கத்து வீட்டுப் பாட்டி, தானாகவே வந்து, நார் முறத்தில் சிவப்புத் துணி கட்டிவிட்டார். அதிலிருந்து தப்பவில்லை. என்னைவிட மெதுவாகத்தான் செய்கிறான், ஆனால் நாராக ஒரு இழை விடமாட்டான். பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாது, அவர் உரித்ததையும் வாங்கி இவன் மறுபடி பார்க்கிறான். பாட்டிக்கு அதில் கோபம். முதல் கூலி 140 ரூபாய். டீக்கடையில் எல்லோருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்துவிட்டு 20 ரூபாயோடு வந்தான். நான் திட்டினேன். அப்புறம் யோசித்தேன், இவன் அப்பன் முதல் கூலி வாங்கியபோது என்ன செய்திருப்பார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். சித்திரை கழிந்தால் புளி முடிந்துவிடும். அதற்குப் பிறகு என்ன என்று எனக்கு இன்றும் தெரியாது. தெருவில் இரண்டு பையன்கள் "புளிமூட்டை" என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

ஊத்தங்கரை அப்பன் | மார்ச் 15, மாலை 6.33

போண்டாவுக்குத் திட்டாதீர்கள் அம்மா.

நான் 26-ம் தேதி கிராம சபைக்குப் போனேன். கிணறு பட்டா நிலத்தில் இருக்கிறது, ஊராட்சிப் பணத்தில் சுவர் கட்ட முடியாது என்றார் செயலர். எழுந்து வரப் பார்த்தேன். கிணற்றுக்காரர் அங்கேயே உட்கார்ந்திருந்தார், "கல் நான் தருகிறேன், ஆள் கூலி யாராவது பாருங்கள்" என்றார். மூன்று பக்கம் ஆகிவிட்டது. நாலாவது பக்கம் மோட்டார் பைப் போகிறது என்று நிற்கிறது. தாழ்ப்பாள் இன்னும் போடுகிறேன். காப்பு செய்துவிட்டேன்.

பாலக்கோட்டு அம்மா | மார்ச் 15, இரவு 8.01

அண்ணா, நானும் போனேன் கிராம சபைக்கு! எங்கள் ஊர் நூலகக் கட்டடம் வருடக்கணக்கில் பூட்டிக் கிடக்கிறது. ஞாயிறு மதியம் மட்டும் சாவி தாருங்கள் என்று எழுதிக் கொடுத்தேன், நோட்டில் ஏறியது. போன இரண்டு ஞாயிறும் திறந்தோம். நம் பிள்ளைகள் மூன்று பேர், தெருப் பிள்ளைகள் ஏழெட்டு. பேர் வைத்த அந்த இரண்டு பேரும் வந்தார்கள், கேரம் போர்டு இருப்பதால். இவன் ஸ்டிரைக்கரை யாருக்கும் தருவதில்லை, அதில் ஒவ்வொரு தடவையும் ஒரு பஞ்சாயத்து.

போச்சம்பள்ளி தங்கச்சி, உங்கள் அண்ணனைக் கூட்டி வர முடியுமா? ஞாயிறு உங்களுக்குச் சந்தை என்று தெரியும்.

போச்சம்பள்ளி தங்கச்சி | மார்ச் 15, இரவு 8.19

சந்தையை முடித்துவிட்டு வந்தால் மூன்று மணி ஆகும் அக்கா. வாசலில் எத்தனை படி? அண்ணனின் சக்கர வண்டியைத் தூக்க ஆள் வேண்டும்.

பாலக்கோட்டு அம்மா | மார்ச் 15, இரவு 8.24

மூன்று படி. பலகை போட்டு வைக்கிறேன். வரும்போது கேரம் பவுடர் ஒரு டப்பா வாங்கி வாருங்கள், இங்கே முகத்துக்குப் போடும் பவுடரைத்தான் கொட்டிக்கொண்டிருக்கிறோம்.